கஞ்சன் பொம்மைக்கு மஞ்சள் கோட்டு

கறுப்புக் கோட்டு என்னவோ நல்ல கோட்டுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் தோருன் வேண்டுமென்றே குறை கண்டுபிடித்தாள் என்று யாரும் பேசக்கூடாது. உள்ளே வாத்து இறகு, கழுத்தில் மெத்தென்று பட்டி, காதை மூடித் தாடைவரை இறங்கும் தொப்பி. முதுகில் கம்பெனிப் பேரைக்கூடக் கறுப்பு நூலாலேயே தைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் பரிசு என்று சொல்லிக் கட்டட வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொன்று சும்மா கொடுத்தார்கள். கொடுத்த கையோடு பழைய மஞ்சள் கோட்டுகளைத் திருப்பி வாங்கிக் கன்டெய்னரில் போட்டுப் பூட்டினார்கள். அங்கேதான் இருந்தது விஷயம்.

மஞ்சள் கோட்டு பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். சிமென்ட் பட்டு விறைத்து, நிறுத்தி வைத்தால் ஆளில்லாமலே நிற்கும். ஆனால் கையிலும் இடுப்பிலும் தோளிலும் வெள்ளிப் பட்டை ஓடும். ஒரு வண்டி விளக்கு பட்டால் போதும், ஆளைப் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். நார்வேயின் வடகோடியில் நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் ஜனவரி பாதிக்கு மேல்தான் மறுபடி தலைகாட்டும். மத்தியானத்தில் கொஞ்ச நேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வரும், போகும். மற்ற நேரமெல்லாம் கும்மிருட்டுதான். அந்த இருட்டில் வேலை செய்கிறவனுக்குக் கறுப்புக் கோட்டு கொடுத்தவனை என்னவென்று சொல்வது?

ஏன் கொடுத்தான் என்று கேட்டால் இன்னும் வயிறு எரியும். ட்ரொம்சோ பாலத்துக்குப் பக்கத்தில், கடலோரமாக, ஒரு ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது. அதே முதலாளிக்கு அதன் பக்கத்திலேயே கண்ணாடிக் கூரை போட்ட குடில்கள் உண்டு. படுத்தபடியே வானத்தில் துருவ ஒளி பச்சையாக ஆடுவதைப் பார்ப்பதற்காக எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து தங்குவார்கள். கட்டட வேலையின் ஃபோகஸ் லைட்டு வானத்தை மறைக்கிறது, போட்டோ எடுத்தால் மஞ்சள் கோட்டுகள் பளிச் பளிச்சென்று விழுந்து படத்தைக் கெடுக்கின்றன என்று அவர்கள் புகார் சொன்னார்கள். உடனே கடல் பக்கத்து ஃபோகஸ் லைட்டெல்லாம் மத்தியானக் காபிக்கு அப்புறம் அணைந்தது. விருந்தாளிகள் ராத்திரியெல்லாம் விழித்துப் பகலில் தூங்குகிறவர்கள், ஆகவே ஹாரன் அடிக்கக்கூடாது என்றும் உத்தரவு வந்தது. வானம் தெரிய வேண்டும் என்பதற்காக மனுஷன் தெரியக்கூடாது. இதுதான் அந்தக் கம்பெனியின் நியாயம்.

உத்தரவு போட்டவன் பேர் பிரேபென். சைட் மானேஜர். ஆஸ்லோவிலிருந்து வந்த தெற்கத்தியான். குரலை உயர்த்தவே மாட்டான், எல்லாவற்றுக்கும் சிரிப்பான். அங்கே மேலதிகாரியையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நீ போட்டுத்தான் பேசுவார்கள். நீ போட்டுப் பேசிவிட்டால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்களா என்ன.

தோருன் அந்த சைட்டில் லோடர் ஓட்டுகிறவள். ஐம்பதைத் தாண்டியவள், பெரிய கை, அதைவிடப் பெரிய வாய். பனியை வாரி ஓரம் கட்டுவது, மரச்சட்டம் ஏற்றி இறக்குவது எல்லாம் அவள் வேலை. அவள் புருஷன் அஸ்லாக் அதே சைட்டில் தச்சன். இரண்டு பேரும் ஒரே காரில் வருவார்கள், ஒரே காரில் சண்டை போட்டுக்கொண்டு போவார்கள். போதாததற்குத் தோருன்தான் தொழிலாளிகளின் பாதுகாப்புப் பிரதிநிதி. ஆபத்து என்று பட்டால் வேலையை அந்த நிமிஷமே நிறுத்தச் சட்டப்படி அவளுக்கு உரிமை உண்டு. இவ்வளவு பெரிய பதவி எப்படி வந்தது என்றால், தேர்தல் நடந்தபோது அவள் காபி ஊற்றப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் எல்லோரும் கையைத் தூக்கி அவளை ஜெயிக்க வைத்துவிட்டார்கள்.

அவள் மட்டும் பழைய மஞ்சள் கோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "நான் வண்டிக்குள்ள உக்காந்திருக்கேன், என்னை யாரு போட்டோ எடுக்கப் போறா" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, லைட்டு அணைந்த பிறகு, அவள் பனியை வாரிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தாள். கண்ணாடியில் இருட்டுதான் தெரிந்தது. இருட்டுக்குள் ஒரு வெள்ளைப் புகை, வாயால் ஊதினது மாதிரி. ஏதோ மனசில் பட்டுக் காலை பிரேக்கில் வைத்து அழுத்தினாள். வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. இறங்கிப் பார்த்தால் பின் டயருக்கு ஒரு முழம் தள்ளி, மரச்சட்டத்துக்குக் கயிறு போட்டபடி, குனிந்து நிற்கிறான் அஸ்லாக். அவன் விட்ட மூச்சுதான் அந்தப் புகை.

"என்ன நின்னுட்டே?" என்றான் அவன், நிமிராமலே.

இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், மூச்சு விட்டதால் பிழைத்தான். தோருன் டயரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இருக்கறது எனக்குத் தெரியலைய்யா."

"நான் இங்கதானே நிக்கேன்."

"அதான் சொல்றேன். தெரியலை."

அவன் அப்போதுதான் டயரைப் பார்த்தான். பிறகு சிரித்துச் சமாளித்தான். "சரி விடு. வீட்டுல நாய்க்குச் சோறு போட ஒரு ஆளாவது மிஞ்சியிருக்கும்." அவளுக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

நேராக பிரேபெனின் அறைக்குப் போனாள். அவன் எழுந்து நின்று, காபி ஊற்றிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டான்.

"அதுக்குத்தான் மெல்லிசு மஞ்சள் சட்டை கொடுத்திருக்கமே தோருன். வண்டி பக்கத்துல போறப்ப கோட்டு மேல மாட்டிக்கலாம்."

"நீ மாட்டிப் பாத்தியா? அது கோடைக்குத் தச்சது. இந்தக் கோட்டு மேல போட்டா முன்னாடி மூடவே மாட்டேங்குது. குனிஞ்சா பட்டுனு பிரிஞ்சு போவுது. எல்லாவனும் சுருட்டிப் பையில வச்சிருக்கான்."

"பையில வச்சுக்கிட்டா அது அவங்க பொறுப்பு."

பாருங்கள், எவ்வளவு சுலபமாகக் கையைக் கழுவிவிட்டான். செத்தாலும் அவன் தப்பு, சட்டை பையில் இருந்ததே என்பார்கள்.

"அப்ப நான் வேலையை நிறுத்தறேன்."

பிரேபென் சிரித்தான். "உனக்கு உரிமை இருக்கு, யாரு இல்லேன்னா? ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள கூரை முடியாது. கூரை முடியலைன்னா கூரை விருந்தும் இல்லை. உன் ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடேன்."

கூரையின் உச்சிச் சட்டம் ஏறிவிட்டால் கட்டுகிறவன் வேலைக்காரர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். கறியும் உருளைக்கிழங்கும் குழையக் கொதித்த லாப்ஸ்கௌஸ், பீர், முதலாளியின் பேச்சு, அது முடிந்ததும் மறுபடி பீர். அங்கே எல்லா ஊரிலும் நடப்பதுதான். அதைக் கெடுக்கப் பார்த்தாள் என்று தெரிந்ததும் சாப்பாட்டு அறையில் கூட்டமே அவள்மேல் பாய்ந்தது.

"வெள்ளி வரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?" என்றான் ஓட்வார். கிரேன் ஓட்டுகிறவன். தரையிலிருந்து முப்பது மீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தரையில் நிற்கிறவன் கவலை எப்படி இருக்கும். "ஒண்ணும் ஆகலையே இப்ப. கோட்டு நல்லாத்தான் இருக்கு. என் பொண்டாட்டியே கேக்கறா, எனக்கு ஒண்ணு கிடைக்குமான்னு."

"நீ மேல இருக்கே. அடிபடப் போறவன் கீழ இருக்கான்."

"மெதுவா ஓட்டு. நீதான் நல்லா ஓட்டறவளாச்சே."

அவள் அஸ்லாக்கைப் பார்த்தாள். அவன் ரொட்டியில் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துக்கொண்டிருந்தான். "ரெண்டு நாள்தானே" என்றான். டயருக்கு ஒரு முழத்தில் நின்றவன் சொல்கிறான்.

பிரதிநிதி என்றால் யாருக்குப் பிரதிநிதி? அந்த ஆட்களுக்குத்தானே. அவர்களே வேண்டாம் என்றால் அவள் என்ன செய்வாள். மனசே இல்லாமல் ஒத்துக்கொண்டாள். இரண்டு நாளும் ஜன்னலைத் திறந்து போட்டு, மைனஸ் பதினைந்தில் தலையை வெளியே நீட்டி, ஆமை மாதிரி வண்டியை ஓட்டினாள். ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம், "அஸ்லாக், எங்கய்யா இருக்கே?" என்று கத்துவாள். "இங்க" என்று குரல் வந்தால்தான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பாள். ஹாரன் அடிக்கக்கூடாது என்றார்கள், தொண்டையை அடைக்கச் சொல்லவில்லையே. ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த வெள்ளைப் புகைதான் வந்தது.

வியாழக்கிழமை உச்சிச் சட்டம் ஏறியது. ஏறிய கையோடு பிரேபென் சாப்பாட்டு அறைக்கு வந்தான். விருந்து வைத்தால் பாட்டும் சத்தமும் குடில்களில் இருக்கிறவர்களைத் தொந்தரவு செய்யும் என்று முதலாளி நினைக்கிறாராம். ஆகவே விருந்து இல்லை. பதிலுக்கு ஆளுக்கொரு சாக்லெட் டப்பா. அதுவும் கறுப்பு டப்பா.

அப்புறம் எழுந்தது பாருங்கள் கோபம். செவ்வாய்க்கிழமை உயிருக்கு வராத கோபம் வியாழக்கிழமை சோற்றுக்கு வந்தது. ஓட்வார் டப்பாவைச் சுவரில் எறிந்தான். "நாமென்ன பிச்சைக்காரங்களா? எங்கப்பா காலத்துல இப்படி எவனாவது செஞ்சா கூரையில கஞ்சன் பொம்மை ஏத்துவாங்க."

"ஏத்துவோம்" என்றார்கள் எல்லோரும்.

விருந்து வைக்காத முதலாளியைப் போல வைக்கோலில் ஒரு பொம்மை செய்து கூரை உச்சியில் கட்டிவிடுவது அங்கே பழைய வழக்கம். நம் பக்கத்தில் கட்டுகிற வீட்டில் திருஷ்டிப் பொம்மை தொங்குமே, அது கண் படாமல் இருப்பதற்கு. இது ஊர்க் கண்ணெல்லாம் படவேண்டும் என்பதற்கு. அதை இறக்கும்வரை அந்த முதலாளி ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் வைக்கோலுக்குப் பதிலாகச் சுவருக்கு வைக்கிற கம்பளிப் பஞ்சைத் திணித்து ஆள் உயரத்துக்குப் பொம்மை செய்தார்கள். கறுப்புக் கோட்டைத்தான் மாட்டினார்கள், கம்பெனி யார் என்று தெரியவேண்டுமே. கையில் அந்தச் சாக்லெட் டப்பாவைக் கட்டினார்கள். ஓட்வார் கிரேனில் தூக்க, அஸ்லாக் உச்சியில் கட்டினான். எல்லோரும் உள்ளே போய்க் காபியோடு உட்கார்ந்தார்கள். இனி ஊர் சிரிக்கும் சத்தம் வரவேண்டியதுதான் பாக்கி.

ஒரு சத்தமும் வரவில்லை.

ஓட்வாரின் பெண்டாட்டி பாலத்தின் மேல் பஸ் ஓட்டுகிறவள். பொறுக்க முடியாமல் ஓட்வார் அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"பொம்மை எப்படி இருக்கு?"

"என்ன பொம்மை?"

"கூரை மேலடி. உச்சியில. நல்லா பாரு."

"கூரையே தெரியலை, பொம்மை எங்க தெரியும்? குடிச்சிருக்கியா?"

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களே செய்த பொம்மை, அவர்களே கட்டிய இடம். ஆனால் ஃபோகஸ் லைட்டெல்லாம் தரையைத்தான் பார்த்திருந்தது. மலைக்கும் வானத்துக்கும் நடுவில் இருட்டாக ஒரு கோடு இருந்தது. கோட்டின்மேல் இருப்பது பொம்மையா, புகைபோக்கியா, ஒன்றுமே இல்லையா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல அங்கே ஆளில்லை.

ஓட்வார் கெட்ட வார்த்தை சொன்னான். ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். அஸ்லாக் சிரிக்கவில்லை. அவன் அண்ணாந்தபடியே நின்றான்.

"தோருன்" என்றான் கொஞ்சம் கழித்து. "அன்னிக்கு நான் நின்னதும் இப்படித்தானா?"

"இதைவிட மோசம். அது உசரத்துல வானத்துக்கு நேரா நிக்குது. நீ என் டயர் பக்கத்துல குனிஞ்சு நின்னே."

அவன் மறுபடி மேலே பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். சிரித்தவன் நிறுத்திவிட்டான். ஒவ்வொருவனும் தன் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டதைத் தோருன் கவனித்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இல்லை, ஆத்திரமாகத்தான் வந்தது. மூன்று நாளாகத் தொண்டை கிழியச் சொன்னாள். கேட்கவில்லை. பஞ்சுப் பொம்மை வந்து சொல்ல வேண்டியிருந்தது.

"செஞ்சதுதான் செஞ்சீங்க, ஊர் பாக்கற மாதிரி செய்யுங்கடா" என்றாள். "அஸ்லாக், நாய்க்குப் போட்ட கோட்டை எடுத்துட்டு வா."

அஸ்லாக்கும் யாருக்கும் தெரியாமல் தன் மஞ்சள் கோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தான். காரின் பின்பக்கத்தில் நாய்க்கு விரித்துப் போட்டிருந்தான். உதறினால் ஒரு நாய்க்கு வேண்டிய முடி உதிரும். அதைக் கொண்டுபோய்க் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுப் பொம்மைக்கு மாட்டினார்கள். பாலத்தில் வந்த முதல் கார் விளக்கு பட்டது. கூரைமேல் ஒரு ஆள் எரிகிற மாதிரி ஜொலித்தான்.

இந்தத் தடவை ஓட்வார் போன் போட வேண்டியிருக்கவில்லை. அவன் பெண்டாட்டியே கூப்பிட்டாள். "அட கடவுளே, கஞ்சன் பொம்மை. பஸ்ஸுல எல்லாரும் ஜன்னல்ல ஒட்டிக்கிட்டாங்க. எனக்குப் பின்னால அவ்வளவு வண்டியும் மெதுவாப் போவுது." கொஞ்ச நேரத்தில் குடில்களிலிருந்து இன்னும் தூங்கப் போகாத விருந்தாளிகள் கம்பளி போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்கள். வானத்தில் பச்சை ஒளி, அதற்குக் கீழே மஞ்சள் பொம்மை. படமாக எடுத்துத் தள்ளினார்கள். இது என்னவென்று கேட்டவர்களுக்கு வேலியோரம் நின்ற ஊர்க்காரர்கள் விவரமாகவே சொன்னார்கள்.

தோருன் ஆட்களைக் கூப்பிட்டாள். "இப்ப நிறுத்தறேன். வெளி வேலை எதுவும் இல்லை. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" ஓட்வார் போய்க் கிரேனை அணைத்துவிட்டு வந்தான். தோருன் லோடரில் ஏறி, இஞ்சினை அணைத்து, வாசலுக்குக் குறுக்கே மைதானத்து நடுவில் நிறுத்திவிட்டு, ஃபிளாஸ்கைத் திறந்தாள்.

மத்தியானக் காபி நேரம் முடிந்ததும் வழக்கம் போல ஃபோகஸ் லைட்டு அணைந்தது. அவள் இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் படாரென்று ஒரு அடி விழுந்தது. காபி மடியில் கொட்டியது. கீழே, முன் டயரின் மேல் கை வைத்து, நீளக் கறுப்புக் கம்பளிக் கோட்டில் நின்றான் பிரேபென். இப்போது சிரிப்பு இல்லை.

"எவ்வளவு நேரமாக் கையை ஆட்டிக்கிட்டு வரேன். பாத்தும் பாக்காத மாதிரி உக்காந்திருக்கே?"

"எங்கேருந்து வந்தே?"

"குடில் பக்கத்துலேருந்து. உனக்கு நேரா. மைதானம் முழுக்க நடந்து வரேன்."

"நான் பாக்கலை."

"பொய் சொல்லாதே."

"பிரேபென்" என்றாள் அவள், மெதுவாக. "நான் அந்தப் பக்கம்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ வந்தது எனக்குத் தெரியலை. வண்டி ஓடலை. அதனாலதான் இப்ப நாம பேசிக்கிட்டிருக்கோம்."

அவன் பார்வை தன் கைமேல் விழுந்தது. கை இருந்தது அவன் நெஞ்சு உயர டயரின் மேல். அதை எடுத்துக்கொண்டான். மைதானத்தைத் திரும்பிப் பார்த்தான். வந்த வழி அவனுக்கே தெரியவில்லை.

"பொம்மையை இறக்கச் சொல்லு" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"முதல்ல லைட்டு."

"விருந்தாளிங்க..."

"வானம் எங்கயும் ஓடிப்போயிடாது. நாளைக்கும் இருக்கும். அஸ்லாக் இருக்கணும் எனக்கு. லைட்டு, அப்புறம் கன்டெய்னர் சாவி, அப்புறம் ஹாரன். பொம்மை கடைசி."

அவன் போனை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். மேலே பார்த்தான். அவன் முதலாளியின் ஹோட்டல் உச்சியில், பாலத்துக் கார் விளக்கு படப்பட, பொம்மை பளிச் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது. போனில் இரண்டே வார்த்தை சொன்னான். கடல் பக்கத்து லைட்டெல்லாம் எரிந்தது. குடில் பக்கத்திலிருந்து "ஓ" என்று ஏமாற்றக் குரல்கள் கேட்டன. கேட்கட்டும்.

சாவி வந்தது. ஆட்கள் அவரவர் விறைத்த கோட்டைத் தேடி எடுத்து, முனகிக்கொண்டே மாட்டினார்கள். ஓட்வார் பொம்மையை இறக்கினான். அஸ்லாக் அதன் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தோருன் வண்டியில் வைத்திருந்த இன்னொரு பழைய மஞ்சள் கோட்டு கிடைத்துவிட்டது, இடுப்பில் கொஞ்சம் இறுக்கம். விருந்தைப் பற்றி ஒருவனும் பேசவில்லை. அது கடைசிவரை வரவும் இல்லை.

பிரேபென் தன் அறைக்குப் போகத் திரும்பினான்.

"நில்லு" என்றாள் தோருன், வண்டிக்குள்ளிருந்து. "வேலையை நிறுத்தி வச்சதை எடுத்துட்டேன். இஞ்சின் போடப் போறேன். மஞ்சள் இல்லாம இந்த மைதானத்துல யாரும் நடக்கக்கூடாது."

"லைட்டுதான் எரியுதே."

"யாரும்னா யாரும்தான்."

"சரி, ஒண்ணு கொடுங்க."

"மத்ததெல்லாம் ஆளுங்க மேல இருக்கு" என்றான் அஸ்லாக். கையிலிருந்ததை நீட்டினான். "இதுதான் மிச்சம்."

பிரேபென் அதைப் பார்த்தான். சற்று முன்வரை ஊரே பார்த்துச் சிரித்த கோட்டு. காலரில் நாய் முடி அப்பியிருந்தது. அவன் தோருனைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் அவன் கோபித்துக்கொண்டாவது போயிருப்பான்.

தோருன் சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது. ஹாரனை ஒரு தடவை நீளமாக அடித்தாள்.

அவன் ஒரு கையை நுழைத்தான். பிறகு மற்றக் கையை நுழைத்தான். ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். அப்புறம் மைதானத்தின் குறுக்கே நடந்தான். தோருன் ரிவர்ஸ் எடுக்குமுன் கண்ணாடியைப் பார்த்தாள். அறை வாசல்வரைக்கும், ஒவ்வொரு அடிக்கும், அவன் நன்றாகத் தெரிந்தான்.